ஒவ்வொரு இறக்கையாகத் தூக்கும் இந்தப் பச்சைக் குருவி எது?

ஓடைக்கரை: டிரினிடாட் வந்திருக்கிறேன். நேற்றுக் காலை அரிமா பள்ளத்தாக்கில் ஓடைப் பக்கம் நடந்தபோது, நம் சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம் சின்னதாக ஒன்று தாழ்ந்த கிளையில் வந்து உட்கார்ந்தது. முதுகு மங்கலான ஆலிவ் பச்சை, வயிறு மட்டும் மஞ்சள் கலந்த காவி. உட்கார்ந்தபடியே ஒரு பக்க இறக்கையை மட்டும் சட்டென்று தூக்கி மடக்கியது, அப்புறம் அடுத்த பக்கம். அடிபட்டிருக்குமோ என்று பயந்தேன். கூட வந்தவர் ஈப்பிடிப்பான் என்கிறார், ஆனால் அது எந்த ஈயையும் துரத்தவில்லை, பழத்தைத்தான் தின்றது. கேமராவை எடுப்பதற்குள் பறந்துவிட்டது.

பழந்தின்னி: அடியெல்லாம் படவில்லை, அதன் பழக்கமே அது. காவி வயிறு ஈப்பிடிப்பான், அறிவியல் பெயர் மியோனெக்டஸ் ஓலியாஜினியஸ். சுமார் 13 செ.மீ. இருக்கும், தெற்கு மெக்சிகோ தொடங்கி பொலிவியா, பிரேசில் வரை உண்டு. பேர்தான் ஈப்பிடிப்பான், பூச்சி, சிலந்தி தின்னும் என்றாலும் வயிறு நிறைவது பெரும்பாலும் சின்னப் பழங்களால்தான், புல்லுருவிப் பழம் உட்பட.

மேகலை: அவசரப்படாதீங்க. டொல்மோமையாஸ் சல்ஃபியூரெசென்ஸ் என்ற இன்னொரு ஈப்பிடிப்பானும் அங்கே உண்டு, அதுவும் ஆலிவ் பச்சைதான். தலை சாம்பல் நிறமா? அலகு தட்டையாக அகன்று இருந்ததா?

ஓடைக்கரை: இல்லை, தலையும் முதுகும் ஒரே நிறம், அலகு ஒல்லி. இன்னொன்று, இன்று திரும்பப் போனால் அதே இடத்தில் ஒரு பறவை விடாமல் கத்திக்கொண்டே இருக்கிறது, அரை மணி நேரம் நின்று பார்த்தேன், நிறுத்தவே இல்லை!

மேகலை: சரி, அப்படியானால் காவி வயிறுதான், நான் விட்டுவிட்டேன்.

பழந்தின்னி: கத்துவது ஆண். டேவிட் ஸ்னோ, பார்பரா ஸ்னோ தம்பதி டிரினிடாட்டிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆண்கள் ஆளுக்கொரு இடம் பிடித்துப் பாடும், பெண் வந்து இணைசேர்ந்துவிட்டுப் போய்விடும், அதோடு அப்பன் வேலை முடிந்தது. கூடு கட்டுவதிலிருந்து குஞ்சு வளர்ப்பது வரை எல்லாம் தாய் தலையில்தான். 2 அல்லது 3 வெள்ளை முட்டை, மூன்று வாரம் போல அடைகாக்கும். கூடு பேரிக்காய் வடிவம், வெளியே பாசி போர்த்தி, பக்கவாட்டில் வாசல் வைத்து, ஓடைக்கு மேல் வேரிலோ கொடியிலோ தொங்கும். இந்தப் பறவைக் குடும்பத்துக்கும் நம்மூர் ஈப்பிடிப்பான்களுக்கும் நெருங்கிய உறவு கிடையாது, பேர் மட்டும் ஒன்று.

ஓடைக்கரை: ஐயோ! ஓடைக்கு மேல் ஒரு கொடியில் பாசி உருண்டை தொங்கியது, வெள்ளத்தில் வந்து சிக்கிய குப்பை என்று நினைத்து அதன் அடியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மேகலை: நாளைக்கு எதிர்க்கரையில் உட்காருங்க, பைனாகுலர் போதும்.