மந்திர உலகப் படைக்கு ஆள் பிடித்தால் கிடங்கிலிருந்து எதை எடுப்பீர்கள்?

கேள்வி: அரைத்தூக்கம்

கண் விழித்தால் வேறு உலகம். கோட்டை, குதிரை, எல்லையில் எலும்புக்கூட்டுப் படை, வானத்தில் எப்போதாவது ஒரு டிராகன். வீட்டுக்கு ஓர் ஆள் என்று அரசரின் சேவகர்கள் பிடித்துக்கொண்டு போகிறார்கள், அதில் நானும் ஒருவன். ஆயுதக் கிடங்கு வாசலில் நிறுத்தி, "தூக்க முடிந்ததை எடுத்துக்கொள், விடிந்ததும் நடை" என்கிறார்கள். மந்திர ஆயுதம் எல்லாம் மாவீரர்களுக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஏறக்குறைய 14ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் புழங்கிய சரக்கு. துப்பாக்கி கிடையாது.

என் நிலைமை: வயது 36, நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை, மாடி ஏறினால் மூச்சு வாங்கும், கிட்டப்பார்வை (இரண்டு கண்ணுக்கும் மைனஸ் நாலு). சண்டை அனுபவம் வீடியோ கேமில் மட்டும்.

என் பட்டியல்: முதுகில் மாட்டிய இரட்டைக்கைப் பெருவாள், நெடுவில், தோல் கவசம், கறுப்புப் போர்வை அங்கி. எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்றலாம்? "முதல் நாளே செத்துவிடுவாய்" என்பது எனக்கே தெரியும், அதைத் தவிர வேறு சொல்லுங்கள்.

பதில்: கடைசிவரிசை

குறுக்குவில். பேச்சே வேண்டாம். பழக ரொம்ப நாள் ஆகாது, இழுத்து மாட்டிவிட்டால் குறி பார்த்துக்கொண்டு நிற்கலாம், கை நடுங்காது. சிங்க நெஞ்சன் என்று பெயர் வாங்கிய இங்கிலாந்து அரசர் ரிச்சர்டையே 1199இல் ஒரு சின்னக் கோட்டைச் சுவரிலிருந்து வந்த ஒற்றைக் குறுக்குவில் அம்பு முடித்துவிட்டது. காயம் அழுகிச் செத்தார். 1139இல் கத்தோலிக்கத் திருச்சபையின் லேட்டரன் சபை கூடி, கிறிஸ்தவர்கள்மேல் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று தடையே போட்டது. யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். எலும்புக்கூடுகளுக்கு அந்தத் தடை பொருந்தாது.

பதில்: ஈட்டிமுனை

பழைய ஐரோப்பியச் சண்டைச் சுவடிகளைப் படித்து, மழுங்கிய ஆயுதங்களோடு பயிற்சி செய்யும் குழு ஒன்றில் பல வருடமாக இருக்கிறேன். விரல் முட்டிகள் வீங்கிய அனுபவத்தில் சொல்கிறேன்: ஈட்டியை எடுங்கள்.

எங்கள் குழுவுக்குப் புதிதாக வருபவர் கையில் ஈட்டியைக் கொடுத்து, நன்றாக வாள் பழகிய ஒருவருக்கு எதிரே நிறுத்துவோம். அவருக்கு எதுவும் சொல்லித்தர வேண்டாம். "முனையை எதிராளியைப் பார்த்து வை, கிட்டே வந்தால் குத்து, பின்வாங்கு" என்றால் போதும். வாள்காரர் அந்த முனையைத் தாண்டி உள்ளே வருவதற்குள் கையிலோ முழங்காலிலோ ஒன்று வாங்கிவிடுவார். பக்கத்தில் இன்னும் இரண்டு ஈட்டிக்காரர் நின்றால் உள்ளே வருவது பற்றி அவர் யோசிக்கவே மாட்டார்.

இப்போது உங்கள் பட்டியல். இரட்டைக்கைப் பெருவாளின் எடை நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. சண்டைக்கென்று அடித்தவை பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்றரை கிலோதான். அதற்குத் தேவை இடம். வரிசையில் தோளோடு தோள் உரசி நிற்கும்போது அதைச் சுழற்றினால் முதலில் போவது பக்கத்தில் நிற்பவர் காது. முதுகு உறையிலிருந்து அதை உருவவும் முடியாது, கை அவ்வளவு நீளம் கிடையாது. வேண்டுமானால் வீட்டில் ஒரு நீளக் குச்சியை வைத்து முயன்று பாருங்கள்.

நெடுவில்லை மறந்துவிடுங்கள். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலை 1982இல் மேலே தூக்கினார்கள். அதிலிருந்து எடுத்த நெடுவில்களை இழுக்க 45 முதல் 80 கிலோ வரை விசை வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சிறு வயதிலிருந்தே பழகியவர்களின் வேலை அது. அந்தக் கப்பலில் இறந்தவர்கள் சிலரின் தோள் எலும்பில் இருக்கும் மாற்றம் வில் இழுத்து இழுத்து வந்தது என்றே ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். அதோடு மைனஸ் நாலு! இத்தாலியில் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூக்குக்கண்ணாடி வந்துவிட்டது, ஆனால் அது வயதானவர்கள் கிட்டத்தில் படிப்பதற்கு. கிட்டப்பார்வைக்கான குழி லென்ஸ் 15ஆம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வருகிறது. உங்கள் கண்ணாடி உடைந்தால் நூறடியில் நிற்பது எலும்புக்கூடா, நம் படைத்தலைவரா என்று தெரியாது. ஈட்டி முனைத் தூரத்தில் அந்தக் குழப்பம் குறைவு.

குறுக்குவில்லைப் பற்றிக் கடைசிவரிசை சொன்னது கோட்டைச் சுவருக்குப் பின்னால் இருந்தால் சரி. திறந்த வெளியில் அதை மறுபடி இழுத்து மாட்டும் நேரத்துக்கு ஒரு மறைப்பு வேண்டும். 1346இல் கிரெசிப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்த ஜெனோவா நாட்டுக் குறுக்குவில்லாளர்கள், தாங்கள் மறைந்து நிற்கும் பெரிய கேடயப் பலகைகள் பின்னால் சாமான் வண்டிகளில் கிடக்க, முன்னால் அனுப்பப்பட்டார்கள். எதிரே இங்கிலாந்து நெடுவில்லாளர்கள். நிற்க முடியவில்லை.

தோல் கவசத்துக்குப் பதிலாகப் பல மடிப்புத் துணி வைத்துத் தைத்த தடித்த அங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். துணிதானே என்று முகம் சுளிக்காதீர்கள். 15ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசர் பதினோராம் லூயி தன் வீரர்களுக்கு 25 முதல் 30 மடிப்புத் துணியும், அதோடு ஒரு மான்தோலும் சேர்த்துத் தைத்த அங்கியை விதித்தார். வெட்டை நன்றாகத் தாங்கும், கிழிந்தால் நீங்களே தைத்துக்கொள்ளலாம். புழுக்கத்தில் உயிர் போகும், அது உண்மை.

உங்களைப் போல் பிடித்துவரப்பட்ட ஆளுக்கு என்ன தேவை என்பதை 1181லேயே எழுதி வைத்துவிட்டார்கள். இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி போட்ட ஆணையில், பெரிய சொத்து இல்லாத சுதந்திர ஆட்கள் வைத்திருக்க வேண்டியது மூன்றே பொருள்: தைத்த அங்கி, இரும்புத் தொப்பி, ஈட்டி. அதில் வாள் இல்லை.

தொப்பி வாங்கும்போது சுற்றி விளிம்பு உள்ளதாகப் பாருங்கள், மேலிருந்து வரும் அடியும் அம்பும் சறுக்கிப் போகும். முகம் மூடும் கவசம் வேண்டாம், ஏற்கெனவே உங்களுக்கு மூச்சு வாங்கும்.

மறுபதில்: அரைத்தூக்கம்

சரி, வாளும் வில்லும் போச்சு. ஆனால் எதிரே எலும்புக்கூடு. ஈட்டியால் குத்தினால் விலா எலும்புச் சந்து வழியாக அந்தப் பக்கம் போய்விடாதா? அப்புறம் டிராகன். அங்கியில் தீப் பிடித்தால்?

மறுபதில்: ஈட்டிமுனை

நியாயமான கேள்வி. எலும்புக்கூட்டை ஈட்டியால் தள்ளி நிறுத்தலாம், அது அசந்தால் காம்பைத் திருப்பி மண்டையில் போடலாம். முடித்துவைக்க இடுப்பில் ஒரு சின்னக் கோடரி. அதன் பின்பக்கம் சுத்தியல் மாதிரி தட்டையாக இருந்தால் இன்னும் நல்லது. விறகும் வெட்டலாம்.

டிராகனுக்கு ஈட்டி, வாள் எதுவும் பதில் இல்லை, பள்ளம்தான் பதில். ஆனால் உங்கள் கறுப்பு அங்கியை வைத்துக்கொள்ளலாம், கம்பளியாக இருந்தால். லினன் துணி சட்டென்று பற்றும். கம்பளி கருகும், தீயை எடுத்துவிட்டால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். துணி அங்கிக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு ஓடுங்கள்.

கால்களையும் கவனியுங்கள். 1361இல் விஸ்பி நகருக்கு வெளியே டென்மார்க் படை நாட்டுப்புற ஆட்களை வெட்டித் தள்ளியது. அந்தப் பிணக்குழிகளைத் தோண்டியபோது கிடைத்த எலும்புகளில் வெட்டுக்காயம் மிகுதியாக இருந்தது முழங்காலுக்குக் கீழே. கேடயம் இருந்தால் எடுங்கள், ஆனால் முழங்காலுக்குக் கீழே அது மறைக்காது.

பதில்: கட்டுத்துணி

நான் மருத்துவமனையில் செவிலி. எல்லோரும் கவசம் பற்றியே பேசுகிறீர்கள், ஒருவரும் வயிற்றைப் பற்றிப் பேசவில்லை. 1415இல் இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஹென்றி பிரான்சின் ஆர்ஃப்ளர் நகரை முற்றுகையிட்டபோது அவர் படையை அரித்தது சீதபேதி. பலர் செத்தார்கள், பலரை நோயாளிகளாகத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அவர் ஜெயித்த அஜின்கோர்ட் போர் அதற்குப் பிறகுதான்.

அதனால் என் தேர்வு ஒரு சின்னப் பாத்திரம். தண்ணீரைக் கொதிக்கவைத்த பிறகே குடிப்பேன், முகாமின் மேல்பக்கத்து ஓடையில் மட்டும் மொள்ளுவேன், பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுத்தது சுத்தமான சட்டை ஒன்று கூடுதலாக. அம்பு உள்ளே போகும்போது அழுக்குத் துணியையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகும், அதில்தான் சீழ் தொடங்கும். முடிந்தால் ஒரு குப்பி தேனும். இதே ஹென்றிக்கு 16 வயதில், 1403இல் ஷ்ரூஸ்பரிப் போரில் முகத்தில் அம்பு பாய்ந்தது. காம்பு வெளியே வந்தது, முனை உள்ளேயே தங்கிவிட்டது. ஜான் பிராட்மோர் என்ற அறுவை மருத்துவர் அதற்கென்றே ஓர் இடுக்கி செய்து முனையை எடுத்தார், காயத்துக்குத் தேன் வைத்தார், ஒயினால் கழுவினார். பையன் பிழைத்து அரசரானான்.

அப்புறம் காலணி. அந்தக் காலத்துக் காலணி மெல்லிய தோல், குதிகால் கட்டை கிடையாது, சீக்கிரம் தேயும். கிடங்கில் இரண்டு சோடி கேட்டுப் பாருங்கள். கால் துணியை நனைந்த அன்றே மாற்றுங்கள்.

மறுபதில்: அரைத்தூக்கம்

இப்போது என் பட்டியல்: ஈட்டி, தைத்த அங்கி, விளிம்புத் தொப்பி, கோடரி, கம்பளி, பாத்திரம், தேன், இரண்டு சோடி காலணி. மாவீரன் மாதிரி இல்லை, வீடு மாறுகிறவன் மாதிரி இருக்கிறேன். ஈட்டி எவ்வளவு நீளம்?

மறுபதில்: ஈட்டிமுனை

இரண்டிலிருந்து இரண்டரை மீட்டர். ஐந்து மீட்டர் நீள ஈட்டிகளும் உண்டு, அவை நெருக்கமாக அணிவகுத்துப் பழகிய படைக்கு. முனையைப் பார்த்து மயங்காமல் காம்பைப் பாருங்கள். மர இழை நுனி முதல் அடி வரை நேராக ஓட வேண்டும். எங்கே குறுக்கே ஓடி வெளியேறுகிறதோ அங்கேதான் முறியும். முனையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆடினால் அடுத்ததை எடுங்கள். கிடங்குக்காரர் அவசரப்படுத்துவார், கண்டுகொள்ளாதீர்கள்.

மறுபதில்: கடைசிவரிசை

நான் இன்னும் குறுக்குவில்தான். மறைப்புப் பலகையைத் தூக்கிக்கொண்டு வர ஒரு ஆள் தேவை. தேன் வைத்திருப்பவருக்கு முன்னுரிமை.