ஒரு பாட்டு, அஞ்சாறு வரி: எழுதித் தருவீர்களா?

நண்பர்களே, பாளையங்கோட்டையில் இருந்து எழுதுகிறேன். கிட்டார் பழகும் என் அண்ணன் மகள் ராக், எலக்ட்ரானிக் பாடல்களைக் கேட்க ஆசைப்படுகிறாள். வெறும் பெயர்ப்பட்டியல் வேண்டாம். உங்களுக்கு உயிரான ஒரு பாட்டு, அதில் எந்த இடம் உங்களைப் பிடித்து நிறுத்தியது, அவ்வளவு போதும்.

என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1977-இல் வெளியிட்ட 'டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்'. ரயில் ஓட்டத்தையே தாளமாக்கியிருக்கிறார்கள். திருச்செந்தூர் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டேன். செய்துங்கநல்லூர் தாண்டியதும் பாட்டின் தடதடப்பு எது, தண்டவாளத்தின் தடதடப்பு எது என்றே பிரிக்க முடியவில்லை. உணர்ச்சி காட்டாத குரல்தான். எனக்கு அதில் ஏக்கம் கேட்டது.

அப்புறம், கிட்டார் பாட்டு சொல்பவர்கள் எத்தனையாவது நிமிடம் என்றும் குறிப்பிடுங்கள். அவள் வாசித்துப் பார்ப்பாள்.