கம்ப்யூட்டருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது

குழு: பேரிக்காய் மரத்து வீடு

வெள்ளிக்கிழமை

பெரியப்பா [மாலை 5:48]: எல்லோருக்கும் வணக்கம். காலையிலிருந்து கம்ப்யூட்டரில் சத்தமே இல்லை. படம் ஓடுகிறது, ஆள் வாயசைக்கிறார், ஒரு சொல் காதில் விழவில்லை. நாளைக் காலை ஆறரைக்குப் பெரியம்மா இதில்தான் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்க வேண்டும்.

அத்தை [5:50]: கொடைக்கானல் குளிரில் மனுஷருக்கே தொண்டை கட்டுகிறது. அதற்குக் கட்டாதா அண்ணா?

மாமா [5:51]: சவுண்ட் கார்டு போயிருக்கும் மச்சான். இப்போதெல்லாம் அது மதர்போர்டோடு சேர்ந்தே வருகிறது. போர்டை மாற்றினால்தான் உண்டு.

தம்பி [5:52]: பெரியப்பா, டிவைஸ் மேனேஜருக்குப் போய் ஆடியோ டிரைவரை, அதாவது சத்தத்துக்கான மென்பொருளை, நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடலாம்.

நான் [5:53]: டேய், பொறு. சளிக்கு வந்தவரை ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பாதே. பெரியப்பா, எதையும் அழிக்க வேண்டாம். கீழே வலது மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் படம் இருக்கும். அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி இருக்கிறதா?

பெரியப்பா [5:56]: இல்லை பாப்பா. சுத்தமாக இருக்கிறது. ஒலியளவு 80.

நான் [5:57]: அப்படியென்றால் சத்தம் அனுப்ப விண்டோஸுக்கு ஏதோ ஒரு கருவி தெரிகிறது. போன வாரம் வரை பாடிய பெட்டிதானே? நடுவில் என்ன மாறியது?

பெரியப்பா [5:58]: ஒன்றும் மாறவில்லை.

பெரியம்மா [5:58]: ஒன்றும் மாறவில்லையா? புதன்கிழமை மருமகன் புது மானிட்டர் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். அது மாற்றம் இல்லையா?

பெரியப்பா [5:59]: அது படத்துக்கு. சத்தத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நான் [6:01]: சம்பந்தம் இருக்கிறது பெரியப்பா. பழைய மானிட்டருக்கு நீல முனை வைத்த விஜிஏ வயர் இருந்தது. அதில் படம் மட்டும்தான் போகும். புதியதில் எச்டிஎம்ஐ வயர். அதில் படமும் சத்தமும் ஒன்றாகப் போகும். மானிட்டரிலும் ஸ்பீக்கர் இருக்கும் என்று நம்பி விண்டோஸ் மொத்தச் சத்தத்தையும் அங்கே திருப்பிவிட்டிருக்கும். ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியைத் தட்டினால் ஒரு பட்டியல் வரும். என்னென்ன இருக்கிறது?

பெரியப்பா [6:06]: [படம்]
இரண்டு இருக்கின்றன. ஒன்றில் மானிட்டர் பெயர். இன்னொன்றில் ‘ஸ்பீக்கர்ஸ், ரியல்டெக்’. டிக் விழுந்திருப்பது மானிட்டர் மேல்.

நான் [6:06]: ரியல்டெக் என்பதுதான் போர்டில் இருக்கும் சவுண்ட் சிப். அதைத் தட்டுங்கள். அவ்வளவுதான், முடிந்தது.

மாமா [6:07]: போர்டு பிழைத்ததா?

பெரியப்பா [6:10]: முடியவில்லை பாப்பா. டிக் மாறிவிட்டது, சத்தம் வரவில்லை.

தம்பி [6:10]: 😂

நான் [6:11]: சரி, அவசரப்பட்டுவிட்டேன். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் எம்எம்எஸ்ஒய்எஸ், ஒரு புள்ளி, சிபிஎல் என்று இடைவெளி விடாமல் தட்டி என்டர். ‘பிளேபேக்’ பட்டியல் வரும். ஒரு பாட்டை ஓடவிட்டு, ரியல்டெக்குக்குப் பக்கத்தில் பச்சைக் கோடு ஏறி இறங்குகிறதா பாருங்கள்.

பெரியப்பா [6:17]: ஆடுகிறது! தீபாவளி சீரியல் லைட் மாதிரி ஏறி ஏறி இறங்குகிறது. காதுக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

நான் [6:18]: இது நல்ல செய்திதான். டிரைவரும் விண்டோஸும் தங்கள் வேலையைச் செய்கின்றன. சத்தம் அதைத் தாண்டி எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது. தம்பி, உன் ‘புது விண்டோஸ்’ யோசனையை மடித்து வை.

பெரியப்பா [6:19]: கரண்ட் போய்விட்டது.

அத்தை [6:22]: மழையா அண்ணா அங்கே?

பெரியம்மா [6:24]: மழை இல்லை. மேகம் இறங்கிவிட்டது. வாசலில் நிற்கும் பேரிக்காய் மரம்கூடத் தெரியவில்லை.

அத்தை [6:25]: மதினி, ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனால் பூம்பாறைப் பூண்டு அரைக் கிலோ வாங்கி வையுங்கள். பஸ்ஸில் யாராவது வத்தலக்குண்டு வந்தால் கொடுத்துவிடுங்கள்.

மாமா [6:26]: 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. எவ்வளவு சாதாரணமாகக் கேட்கிறாள் பாருங்கள்.

தம்பி [6:28]: பேசாமல் யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்கிவிடலாமே? பென்டிரைவ் அளவுதான் இருக்கும். சொருகினால் பாடும். பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

நான் [6:30]: போர்டில் இருப்பது நிஜமாகவே செத்திருந்தால் அதுதான் வழி. சில நூறு ரூபாயில் முடிந்துவிடும், மாமா சொல்கிற மாதிரி போர்டை மாற்றத் தேவையில்லை. ஆனால் சாகாததற்குக் காரியம் செய்யக்கூடாது. போன வருஷம் என் கம்ப்யூட்டருக்கு ஒரு கடையில் ‘போர்டு அவுட்’ என்று 4,500 ரூபாய் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பின்னால் ஒரு வயர் அரைகுறையாகச் சொருகியிருந்தது.

சித்தப்பா பழனி [6:41]: இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். முப்பது வருஷம் மைக் செட் போட்டவன் ஒருவன் குழுவில் இருக்கிறான் என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

நான் [6:41]: சித்தப்பா! வாருங்கள் வாருங்கள்.

சித்தப்பா பழனி [6:44]: கோயில் கொடையில் பாதிப் பாட்டில் சத்தம் நின்றால் நான் முதலில் ஆம்ப்ளிஃபயரைப் பிரிக்க மாட்டேன். குழாய் ஸ்பீக்கரில் ஆரம்பித்து வயர் வழியே பின்னோக்கி நடந்து வருவேன். அண்ணே, கரண்ட் வந்ததும் ஸ்பீக்கரை மட்டும் போடுங்கள். கம்ப்யூட்டருக்குப் பின்னால் சொருகியிருக்கும் பின்னை உருவி, நுனியை விரலால் தொடுங்கள். ஸ்பீக்கர் வால்யூம் குறைவாகவே இருக்கட்டும். ‘உர்ர்’ என்று கேட்டால் ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறது.

அத்தை [6:45]: ஷாக் அடிக்காதா தம்பி?

சித்தப்பா பழனி [6:46]: அடிக்காது அக்கா. அது சிக்னல் பின். சுவரில் சொருகும் பிளக்கைத் தொடச் சொல்லவில்லை. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவை ஆடுகிறது. சுற்றி ஓடும் வயர்களிலிருந்து அந்த ஆட்டத்தை நம் உடம்பு ஏரியல் மாதிரி வாங்கிக்கொள்கிறது. விரல் வழியாக அது பின்னுக்குள் போய் உறுமும்.

பெரியப்பா [7:02]: கரண்ட் வந்துவிட்டது. விரல் வைத்தேன். உறுமுகிறது, நன்றாகவே உறுமுகிறது. பூனை எழுந்து ஓடிவிட்டது.

சித்தப்பா பழனி [7:03]: அதே பின்னை மதினி போனில் சொருகிப் பாருங்கள். அவர்கள் போனில் இன்னும் அந்த வட்ட ஓட்டை இருக்கிறதல்லவா?

பெரியம்மா [7:09]: கோடை பண்பலை 100.5 கணீரென்று பாடுகிறது. ஹெட்போன் மாட்டினால்தான் ரேடியோ வரும் என்று போன் எப்போதும் அடம் பிடிக்கும். இந்த வயரையே ஏரியலாக எடுத்துக்கொண்டது. நான் இதை இப்படியே விட்டுவிட்டுச் சமைக்கப் போகிறேன்.

சித்தப்பா பழனி [7:10]: ஸ்பீக்கரும் நலம், வயரும் நலம். அண்ணே, கம்ப்யூட்டருக்குப் பின்னால் எந்தக் கலர் ஓட்டையில் சொருகியிருந்தீர்கள்?

பெரியப்பா [7:13]: [படம்]
பச்சை. டார்ச் அடித்துப் பார்த்தேன். பக்கத்தில் நீலமும் ரோஸும் இருக்கின்றன.

நான் [7:14]: பச்சைதான் சரி. ரோஸ் மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து வரும் சத்தத்துக்கு. பெரியப்பா, முன் பக்கத்திலும் இரண்டு ஓட்டைகள் உண்டே. அதில் ஏதாவது சொருகியிருக்கிறதா?

பெரியப்பா [7:15]: ஒன்றும் இல்லை. காலி.

பெரியம்மா [7:17]: போன செவ்வாய்க்கிழமை ஹெட்போன் சொருகி ஒரு பாடம் கேட்டேன். பிறகு உருவிவிட்டேன். அன்றைக்கே உருவக் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

சித்தப்பா பழனி [7:17]: பிடித்தாயிற்று.

நான் [7:18]: அதே. ரியல்டெக் ஆடியோ கன்சோலைத் திறந்து காட்டுங்கள் பெரியப்பா. ஸ்டார்ட் மெனுவில் ‘ரியல்டெக்’ என்று தட்டினால் வரும்.

பெரியப்பா [7:24]: [படம்]
முன் பச்சை ஓட்டைக்கு விளக்கு எரிகிற மாதிரி காட்டுகிறது. அங்கே ஒன்றுமே இல்லையே?

சித்தப்பா பழனி [7:28]: ஓட்டைக்குள் சின்னதாக ஒரு தகடு இருக்கும் அண்ணே. பின் உள்ளே போனால் அது நகரும். ‘ஹெட்போன் வந்துவிட்டது, பின்னால் இருக்கும் ஸ்பீக்கரை நிறுத்து’ என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். பின்னை உருவினால் தகடு பழைய இடத்துக்கு வர வேண்டும். உங்கள் நாயுடுபுரம் ஈரத்தில் அதில் களிம்பு ஏறியிருக்கும். போன இடத்திலேயே நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் இன்னும் மதினி ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, இல்லாத ஹெட்போனுக்குப் பாடிக்கொண்டிருக்கிறது.

தம்பி [7:29]: சித்தப்பா, நான் பார்க்கும் வேலையை ராஜினாமா செய்துவிடுகிறேன்.

சித்தப்பா பழனி [7:31]: செய்யாதே, சம்பளம் முக்கியம். ஏசி97 என்ற பழைய ஒலி முறையில் போர்டுகள் இருந்தன. பல பெட்டிகளில் பின்பக்கச் சத்தமே முன் ஓட்டையின் தகடு வழியாகச் சுற்றித்தான் போகும். 2004-இல் இன்டெல்லின் எச்டி ஆடியோ வந்த பிறகு தகடு தகவல் மட்டும்தான் சொல்கிறது. சொல்வது பொய்யானாலும் கம்ப்யூட்டர் நம்பிவிடும்.

நான் [7:32]: பெரியப்பா, கம்ப்யூட்டரை முறையாக அணைத்துவிட்டு, ஹெட்போன் பின்னை முன் ஓட்டையில் சொருகி உருவுங்கள். பதினைந்து தடவையாவது. சொருகும்போது மெல்லத் திருகுங்கள், ஆட்டி வளைக்காதீர்கள்.

அத்தை [7:33]: ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடுமே?

பெரியம்மா [7:34]: மார்கழியில் எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெயை ஸ்பூனால் சுரண்டித்தான் எடுக்கிறோம். இருக்கிற தகடும் சேர்ந்து உறைந்துவிடும்.

சித்தப்பா பழனி [7:35]: எண்ணெய் கூடவே கூடாது அக்கா, தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். பின் நுனியை அதில் லேசாக நனைத்துச் சொருகி உருவினால் களிம்பு வந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும். ஆல்கஹாலை நாளை யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

பெரியப்பா [7:52]: [குரல் செய்தி, 0:11]

நான் [7:53]: பாட்டு! பெரியப்பா, பின்னால் இருந்தா?

பெரியப்பா [7:53]: பின்னால் இருந்தேதான். எட்டாவது தடவை ‘டிக்’ என்று உள்ளே ஏதோ விட்டுக்கொடுத்தது. கணக்குக்குப் பதினைந்தையும் முடித்தேன். கன்சோலில் முன் விளக்கு அணைந்துவிட்டது.

மாமா [7:54]: போர்டு தப்பியது.

பெரியம்மா [8:10]: கேட்பது சரி, நான் பேசுவது போகுமா? நாளை வகுப்பில் ல, ள, ழ. குழந்தைகள் மூன்றையும் ஒன்றாகத்தான் சொல்கின்றன. என் குரலும் தெளிவாக இல்லையென்றால் வகுப்பே வீண்.

நான் [8:12]: பெரியம்மா, உங்கள் ஹெட்போன் பின்னில் எத்தனை கறுப்பு வளையம்?

பெரியம்மா [8:13]: மூன்று.

நான் [8:15]: அது போனுக்கானது. கேட்பதும் பேசுவதும் ஒரே பின்னில். உங்கள் பெட்டியில் இரண்டுக்கும் தனித்தனி ஓட்டைகள், அதனால் அந்த மைக் வேலை செய்யாது. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் வயர் வேண்டும். இப்போதைக்கு, முன்பு சித்தப்பா கொடுத்த மேஜை மைக்கைப் பின்பக்க ரோஸ் ஓட்டையில் சொருகுங்கள்.

பெரியம்மா [8:31]: [குரல் செய்தி, 0:07]

தம்பி [8:32]: பெரியம்மா, ‘மலை’யா ‘மழை’யா? ஓட்டை டப்பாவுக்குள் இருந்து பேசுவது போல் இருக்கிறது.

சித்தப்பா பழனி [8:33]: பூஸ்ட் அதிகம், அதாவது மைக் குரலைத் தூக்கிக் கொடுக்கும் அளவு. குரல் தலைமுட்டுகிறது.

நான் [8:35]: முன்பு திறந்த அதே பெட்டியில் ‘ரெக்கார்டிங்’ என்று இன்னொரு பக்கம் உண்டு. மைக்கை இரண்டு முறை தட்டி, ‘லெவல்ஸ்’ போங்கள். ‘மைக்ரோஃபோன் பூஸ்ட்’ எவ்வளவு?

பெரியப்பா [8:38]: 30 டெசிபல்.

நான் [8:38]: 10-க்கு இறக்குங்கள். மேலே இருக்கும் அளவு 80 போதும்.

பெரியம்மா [8:42]: [குரல் செய்தி, 0:09]

அத்தை [8:43]: மலை வேறு, மழை வேறு என்று இப்போது தெரிகிறது மதினி. பூண்டு மறந்துவிடாதீர்கள்.

சனிக்கிழமை

பெரியப்பா [காலை 6:08]: பாப்பா, எழுந்துவிட்டாயா? மறுபடியும் சத்தம் இல்லை.

பெரியப்பா [6:09]: [தவறவிட்ட அழைப்பு]

பெரியப்பா [6:11]: இருபது நிமிடம்தான் இருக்கிறது.

நான் [6:12]: பெரியப்பா, கன்சோலில் முன் ஓட்டைக்கு விளக்கு?

பெரியப்பா [6:13]: எரிகிறது.

சித்தப்பா பழனி [6:13]: அண்ணே, ராத்திரி அந்த ஓட்டையை என்ன செய்தீர்கள்?

பெரியப்பா [6:15]: ஒன்றும் செய்யவில்லை.

பெரியம்மா [6:15]: பனி உள்ளே போகக்கூடாது என்று தீக்குச்சியில் பஞ்சு சுற்றி அடைத்து வைத்திருக்கிறார்.

சித்தப்பா பழனி [6:16]: அதை உருவுங்கள் அண்ணே. கம்ப்யூட்டருக்கு அதுவும் ஹெட்போன்தான். மூட வேண்டுமென்றால் பெட்டி மேல் ஒரு துணி போடுங்கள். ஓடும்போது எடுத்துவிடுங்கள், அதற்குக் காற்று வேண்டும்.

பெரியப்பா [6:21]: பஞ்சு மட்டும் வந்தது. குச்சி உள்ளே.

தம்பி [6:21]: ஐயோ.

பெரியம்மா [6:24]: புருவம் திருத்தும் இடுக்கியால் நான் எடுத்துவிட்டேன். பாடுகிறது. பிள்ளைகள் வர ஆரம்பித்துவிட்டார்கள், யாரும் போன் செய்யாதீர்கள்.