அப்பா படத்தைப் பிரிண்ட் போட்டு மாட்ட உதவி வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். களத்துமேட்டில் அப்பா நெல் தூற்றும்போது நான் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. பின்னால் சாயங்கால வெயில், தூசு பொன்னாகப் பறக்கிறது, தலைப்பாகை நிழலில் அவர் கண் மட்டும் மின்னுகிறது. தை மாதம் அவருக்கு 70 முடிகிறது. அதற்குள் கூடத்தில் பெரிதாக மாட்டிவிட வேண்டும்.

படம் 6000-க்கு 4000 பிக்சல். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 20-க்கு 13 அங்குலம் வரை தாங்கும் என்று 12-க்கு 18 அளவில் ஒரு லேபில் போட்டேன். முகம் கரியாக வந்தது, தலைப்பாகையின் ஒரு மடிப்புகூடத் தெரியவில்லை. மனசே விட்டுப்போச்சு. மானிட்டர் வெளிச்சத்தை முழுசாக வைத்துத் திருத்தியது என் தப்புதான். எவ்வளவு குறைத்து வைத்து வேலை பார்க்கிறீர்கள்? முதலில் 4-க்கு 6 அளவில் சாம்பிள் போட்டுப் பார்த்தால் போதுமா?

அதைவிடப் பெரிய கவலை சுவர். மழைக்காலத்தில் ஓதம் அடிக்கும். தாத்தா பாட்டி கல்யாணப் படம் இதே சுவரில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரிக்கப் போனால் பாட்டியின் கன்னம் உரிந்து கண்ணாடியோடு வந்துவிட்டது. அது இன்னும் உறுத்துகிறது. இந்த முறை படத்தைச் சுற்றி மவுண்ட் போர்டு (தடித்த அட்டை) வைத்து, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி விட்டுத்தான் ஃபிரேம் போடுவேன். பின்னால் நாலு மூலையிலும் ரப்பர் துண்டு ஒட்டினால் காற்றோட்டத்துக்குப் போதுமா? எதிரே ஜன்னல் இருப்பதால் பளபளப்பில்லாத மேட் பேப்பர்தான் சரியா?

ஓதச் சுவரில் மாட்டிப் பார்த்தவர்கள் அவசியம் சொல்லுங்கள்.