இதய எம்ஆர்ஐயில் உட்சுவர்க் கோடு சரியாக விழவில்லை, எங்கே கை வைப்பது?

கேள்வி:
இதயத்தின் இடது கீழ் அறையான வெண்ட்ரிக்கிளின் உட்சுவரையும் வெளிச்சுவரையும் பிரிக்க, குறுக்குவெட்டு சினி படங்களில் (துடிப்பை வீடியோ போல எடுத்தவை) யூ-நெட் என்ற, படத்தைப் பகுதி பிரிக்கும் நியூரல் நெட்வொர்க் ஒன்றைப் பழக்கியிருக்கிறேன். ஏசிடிசி என்ற பொது இதய எம்ஆர்ஐ தரவின் 100 பயிற்சி நோயாளிகளோடு, வேறு இடத்தில் கிடைத்த கொஞ்சம் படங்களையும் சேர்த்தேன். டைஸ் மதிப்பு (மாடல் பிரித்த பகுதியும் கையால் வரைந்ததும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு) நன்றாகத்தான் வருகிறது. ஆனால் கோட்டைப் படத்தின் மேல் போட்டுப் பார்த்தால் மனசு ஒப்பவில்லை. நடு ஸ்லைஸ்களில் (வெட்டுப் படங்களில்) அழகான வளையம், நுனிப் பக்கம் போகப் போக வளையம் அறுந்துவிடுகிறது, அறைக்குள் நீட்டி வால்வைப் பிடித்திருக்கும் பாப்பில்லரி தசை இருக்கும் இடத்தில் கோடு உள்ளே குழிகிறது. இன்னும் ஆழமான மாடல் போட்டால் சரியாகுமா?

பதில் 1:
மாடலை விடுங்கள், முதலில் லேபிளை, அதாவது கையால் வரைந்த விடையைப் பாருங்கள். ஏசிடிசியில் பாப்பில்லரி தசையை அறைக்குள் ரத்தத்தோடு சேர்த்தே வரைந்திருக்கிறார்கள். சேர்த்த படங்களில் அதைச் சுவரோடு சேர்த்திருந்தால், ஒரே மாதிரி இடத்துக்கு இரண்டு விடை சொல்லிக் கொடுக்கிறீர்கள், மாடல் நடுவில் எங்கேயோ கோடு போடும். அந்தத் தசையும் சுவரும் ஒரே கருமை என்பதால் வெளிச்சத்தை வைத்துப் பிரிக்கவும் வழியில்லை. வெளிச்சுவர் வேறு கதை: கொழுப்பு இருக்கும் இடத்தில் எல்லை பளிச்சென்று தெரியும், நுரையீரலைத் தொடும் பக்கம் இரண்டுமே இருட்டு.

பதில் 2:
நுனிக்கு மாடலைக் குறை சொல்ல முடியாது. ஸ்லைஸ் 5 முதல் 10 மிமீ வரை தடிமன், அங்கே சுவர் சாய்வாக ஓடுவதால் ஒரே வோக்சலில் (முப்பரிமாணப் பிக்சலில்) பாதி ரத்தம், பாதி தசை, அதனால்தான் அந்தச் சாம்பல் நிறம். மேல் கீழ் ஸ்லைஸ்களையும் சேர்த்து உள்ளீடாகக் கொடுத்துப் பாருங்கள், ஆனால் ஸ்லைஸ்களை வெவ்வேறு மூச்சுப்பிடிப்பில் எடுத்திருந்தால் ஒன்றுக்கொன்று நகர்ந்திருக்கும், அதை முதலில் நேராக்க வேண்டும். அப்புறம் டைஸை மட்டும் நம்பாதீர்கள். பெரிய வட்டத்தில் சில பிக்சல் தவறினால் அது அசையாது, ஸ்லைஸ் வாரியாக ஹவுஸ்டார்ஃப் தூரம் (இரண்டு கோடுகளும் அதிகபட்சம் எவ்வளவு விலகுகின்றன என்பது) பாருங்கள்.

பதில் 3:
வால்வுப் பக்கத்தை யாரும் சொல்லவில்லையே! இதயம் சுருங்கும்போது வால்வுத் தளம் நுனியை நோக்கி ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே இறங்கும். விரிந்த நிலையில் வெண்ட்ரிக்கிள் தெரிந்த ஸ்லைஸில் சுருங்கிய நிலையில் மேல் அறையான ஏட்ரியம் நிற்கும். பரப்பு அதிகமான ஸ்லைஸ் என்பதால், அங்கே தப்பினால், ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தத்தின் விகிதமான எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷனே மாறிப்போகும்.

கேட்டவர்:
பதில் 1 சொன்னதேதான். சேர்த்த படங்களைத் திறந்து பார்த்தேன், தசையைச் சுவரோடு சேர்த்துத்தான் வரைந்திருக்கிறார்கள். அவற்றைத் திருத்தி வரைய ஆரம்பித்துவிட்டேன்.