முகவீணைக்கும் மெல்லிய குரலுக்கும் ஒரே மைக்: கெயினை எங்கே கூட்டுவது?

வணக்கம் நண்பர்களே. ஆற்காடு அருகே பாரதக் கூத்து வாத்தியார் ஒருவரின் பாடல்களையும் கதை விளக்கங்களையும் பதிவுசெய்து வருகிறேன். மைக் ஷூர் எஸ்எம்58. உணர்திறன் ஒரு பாஸ்கலுக்கு 1.85 மில்லிவோல்ட்தான், அதாவது அதிலிருந்து வரும் சிக்னல் மெல்லியது. அவர் குரலெடுத்துப் பாடினால் கவலையில்லை. தணிந்த குரலில் கதைக்குள் இறங்கினால், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்பேஸின் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) குமிழைக் கடைசிவரை திருக வேண்டியிருக்கிறது. கூடவே 'உஸ்' என்ற இரைச்சல். கெயினைக் குறைத்துப் பதிந்து கணினியில் ஏற்றினாலும் இரைச்சலும் சேர்ந்தே ஏறுகிறது. குமிழைக் கூட்டிய அதே கெயினில் முகவீணை (நாயனம் போன்ற சிறு ஊதுகருவி) நுழைந்தால், மைக் சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்பிலேயே ஒலி உடைகிறது. அதன்பின் எந்த ஃபேடரை (ஒலி அளவு நெம்பை) இறக்கி என்ன பயன்?

இன்டர்பேஸ் மைக் கேபிள் வழியே தரும் 48 வோல்ட் ஃபான்டம் மின்சாரத்தில் இயங்கி, மைக் சிக்னலை 25 டெசிபல் கூட்டும் கிளவுட்லிஃப்டர் போன்ற கருவி இரைச்சலை உண்மையிலேயே குறைக்குமா? அல்லது அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, நல்ல ப்ரீஆம்ப் உள்ள இன்டர்பேஸே வாங்கிவிடலாமா? முகவீணைக்குத் தனி மைக், தனி சேனல் வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன், குரல்தான் சிக்கல். மைக்கை வாயருகே கொண்டுபோகச் சொல்லாதீர்கள், கையை வீசாமல் அவருக்கு ஒரு வரிகூட வராது.

வேலூர், குடியாத்தம், ராணிப்பேட்டை பக்கம் யாராவது அந்தக் கருவியை ஒருநாள் இரவல் தந்தால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். பாரதக் கூத்து நடக்கும் அக்னி வசந்த விழாக்கள் தொடங்கிவிட்டால் வாத்தியாரைப் பிடிக்க முடியாது.