புதுப்பிப்பு: லினக்ஸ் லேப்டாப்பை மூடி வைத்தாலும் பேட்டரி இறங்கிய சிக்கல் தீர்ந்தது

சஸ்பெண்டில் (லேப்டாப்பை மூடியதும் அது போகும் தூக்க நிலையில்) ஒரே இரவில் (8 மணி நேரம்) 31% சார்ஜ் காணாமல் போகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. இப்போது அதே 8 மணி நேரத்தில் 3% தான் இறங்குகிறது.

டிஎல்பி என்ற பேட்டரி சேமிப்பு மென்பொருளை நிறுவியதால் பலன் இல்லை. இயங்கும்போதுள்ள செலவைத்தான் அது குறைக்கும். நாமாக அமைக்காதவரை தூக்கத்தின் வகையை மாற்றாது. கைகொடுத்தது ‘மெம்-ஸ்லீப் கோப்பைப் பாருங்கள்’ என்ற பதில். சிஸ் அடைவில் பவர் என்பதற்குள் இருக்கும் அந்தக் கோப்பில் எஸ்2ஐடில், டீப் (ஆழ்ந்த தூக்கம்) என்ற இரண்டு தூக்க வகைகளும் இருந்தன. பயன்பாட்டில் உள்ள வகையைக் காட்டும் சதுர அடைப்புக்குள் இருந்தது எஸ்2ஐடில். அதாவது லேசான தூக்கம். லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப்பின் அமைப்புக் கோப்பில், கர்னலுக்கான (லினக்ஸின் மையப் பகுதிக்கான) வரியில் மெம்-ஸ்லீப்-டிஃபால்ட் மதிப்பை டீப் என்று சேர்த்து, அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்டி, மறுதொடக்கம் செய்தேன். உங்கள் கோப்பில் டீப் என்ற சொல்லே இல்லையென்றால் இந்த வரி பயன்படாது. பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகளில்) தூக்க வகையை மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

எதிர்பாராத ஒன்று: டீப் வந்த பிறகு, மவுஸ் லேசாக அசைந்தாலே லேப்டாப் விழித்துக்கொண்டது. காரணம், லேப்டாப்பை எந்தப் பாகங்கள் எழுப்பலாம் என்று சொல்லும் ஏசிபிஐ வேக்அப் பட்டியலில் எக்ஸ்ஹெச்சி, அதாவது யுஎஸ்பி கட்டுப்படுத்தி, இயங்கு நிலையில் இருந்தது. எக்ஸ்ஹெச்சி என்ற பெயரை அந்தப் பட்டியல் கோப்பில் எழுதினால் எழுப்பும் வசதி அணையும். இன்னொரு முறை எழுதினால் திரும்ப இயங்கும்! சுடோ (நிர்வாகி அனுமதி) எக்கோ போட்டு அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பினால் அனுமதி மறுக்கப்படும், சுடோவுடன் டீ கட்டளை வழியாக எழுதுங்கள். மறுதொடக்கத்தில் பழைய நிலைக்குப் போய்விடுவதால், இதை, பூட்டில் (லேப்டாப் தொடங்கும்போது) ஒரே ஒரு முறை தானாக ஓடும் சிஸ்டம்டி சர்வீஸாக வைத்திருக்கிறேன்.

விழிக்க முன்பைவிட இரண்டு மூன்று நொடி கூடுதலாகிறது. பரவாயில்லை.